மாங்கொட்டைக் குழி

திருச்சானூர்
6.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் தபாலில் வருகிறேன். நீ வேலை செய்யும் மாம்பழக்கூழ் ஆலைக்குப் பூட்டு விழுந்தது என் ரிப்போர்ட்டால்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது? மீத்தேன் வாயு எங்கே கூடுதலாக இருக்கிறது என்று சாட்டிலைட் காட்டும். எங்கிருந்து கிளம்பியது என்பதை, காற்றின் போக்கை வைத்து எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் கணக்குப் போடும். அது உங்கள் ஆலையைக் காட்டியது. கொட்டை அழுகும் அந்தக் குழியை மட்டும் மூடச் சொல்வார்கள் என்று நினைத்தேன், அக்கா. திட்டியாவது நாலு வரி எழுது.

உன் தரணி

புத்தலப்பட்டு
10.7.2025

தரணிக்கு,

திட்டுவதற்கும் தெம்பு வேண்டுமே. என்னோடு தோல் சீவுகிறவர்கள் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கலைவாணி என்னை ரோட்டிலேயே நிறுத்தி, "குழி நாறுதுன்னு தங்கச்சியாண்ட நீதானே சொல்லிக்கினு இருந்தே? இப்போ நாங்க இன்னாத்த துன்றது?" என்று கேட்டாள். பாய்லருக்குப் பின்னால் கொட்டையும் தோலும் கொட்டி அழுகுது என்று உன்னிடம் புலம்பினேன். அது வீட்டுப் பேச்சுதானே?

நான் சொல்லாவிட்டாலும் சாட்டிலைட் அந்தக் குழியைக் கண்டுபிடித்திருக்கும் என்று எழுதி அனுப்பு. கலைவாணிக்குப் படித்துக் காட்டுகிறேன். அது போதும் எனக்கு.

அக்கா சுமித்ரா

திருச்சானூர்
15.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்டபடியே எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய்யாகிவிடக் கூடாதே என்று கணக்கை மறுபடி ஓட்டினேன். வாயு எங்கிருந்தெல்லாம் வரலாம் என்று முதலில் நாங்கள்தான் ஓர் உத்தேசம் கொடுக்க வேண்டும். மாடு, நெல்வயல், குப்பைமேடு என்று கொடுத்தபோது, நீ புலம்பிய குழியையும் சேர்த்திருந்தேன். இப்போது அதை எடுத்துவிட்டேன். இந்த ஊர்த் தாயார் சத்தியமாக, குழி தெரிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் ஓட்டினேன். தெரியவில்லை. அத்தனை வாயுவையும் கம்ப்யூட்டர் உங்கள் வட்டாரத்து மாடுகள் தலையில் கட்டிவிட்டது.

நீ சொன்னதால்தான் குழி அகப்பட்டது. உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் சேர்த்தது என் தப்பு. ஞாயிற்றுக்கிழமை வந்து கலைவாணியிடம் நானே சொல்லட்டுமா?

உன் தரணி

புத்தலப்பட்டு
18.7.2025

தரணிக்கு,

நீ வர வேண்டாம். நானே போய்ச் சொல்லிவிட்டேன். கலைவாணி கதவைச் சாத்திக்கொண்டாள்.

நீ பொய் எழுதாதது சரிதான். குழி நாறியதும் நிஜம்தான். ஆனால் இனிமேல் உன்னிடம் வாயைத் திறக்கும்போதெல்லாம், இது வீட்டுக்கா, ஆபீசுக்கா என்று யோசிக்க வேண்டியிருக்கும். அப்படி யோசித்து யோசித்துப் பேச என்னால் ஆகாது.

இங்கே மழை வந்ததா என்றுகூட இனி என்னைக் கேட்காதே. மேலே இருந்தே பார்த்துக்கொள்.

சுமித்ரா