நார்ஃபோக் எம்.பி.யும் நம் பூமாலையும்

திண்டிவனம்
17.4.2011, குருத்து ஞாயிறு

அன்பு மகள் ரோஸ்லினுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவால் நானும் அப்பாவும் சுகம், நீயும் மாப்பிள்ளை ஜூடும் அங்கே வெள்ளைக்கார நாட்டில், நார்ஃபோக் குளிரில் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பா இப்போது கோயில்வரை தனியாக நடக்கிறார், இன்று குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு பவனியிலும் வந்தார். அதைப் பார்த்ததும் உன்னிடம் இத்தனை நாள் மறைத்த ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நவம்பரில் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் டாக்டர் உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றபோது அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். "ரோஸு மூஞ்சியப் பார்த்துட்டுத்தான் படுப்பேன்"னு ஒரே பிடிவாதம். பத்து நாளுக்கு மேல் தாங்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நீயோ விசா நீட்டிக்கப் பாஸ்போர்ட்டைக் கொடுத்துவிட்டு ஐந்து மாதமாகத் தவித்துக்கொண்டிருந்தாய். அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று மட்டும்தான் சொன்னேன், இதையும் சொல்லி உன்னை நோகடிக்க எனக்கு மனசு வரவில்லை.

நீ சனிக்கிழமை அந்த ஊர் நூலகத்துக்குப் போய், அங்கே குறை கேட்க வந்திருந்த உங்கள் தொகுதி எம்.பி.யை வரிசையில் உட்கார்ந்து பார்த்ததாகப் போனில் சொன்னபோது நான் பெரிதாக நம்பவில்லை. இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிற உனக்கு அங்கே ஓட்டு உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அதிலும் நான் உங்களுக்கு ஓட்டுப் போடவில்லை என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறாய்! ஜெயித்த பிறகு போட்டவர் போடாதவர் எல்லாருக்கும் நான்தானே எம்.பி. என்று சிரித்துவிட்டு உன் எதிரிலேயே விசா ஆபீசுக்குக் கடிதம் எழுதினாராமே. ஆறாம் நாள் பாஸ்போர்ட் வந்தது, எட்டாம் நாள் நீ வார்டுக்குள் நுழைந்தாய், அப்பா உன் கையைப் பிடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். முகம் தெரியாத அந்த மனிதர் எனக்கு எவ்வளவு பெரிய உபகாரம் செய்தார் என்று இப்போது உனக்கு விளங்கும்.

அதனால்தான் நானும் ஒரு காரியம் செய்தேன். நம் தெருமுனையில் இஸ்திரி போடும் பூமாலையை உனக்குத் தெரியுமே, இந்தத் தேர்தலுக்கு அவள் பெயரை இறந்துவிட்டாள் என்று வாக்காளர் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். முன்பென்றால் பாவம் என்று சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். இந்தத் தடவை அவளைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனேன். கிளார்க் நிமிர்ந்தே பார்க்காமல், "லிஸ்ட்ல செத்துட்டதா இருக்கு, நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். பூமாலைக்கு வந்ததே கோபம், "நீங்க போட்டுக்கினு இருக்கிற சட்டை நேத்து நான் தேச்சது சார், செத்தவ எப்படி சார் தேச்சேன்?" என்று கேட்டாள். ஆபீசே சிரித்தது. சத்தம் கேட்டு வெளியே வந்த தாசில்தார் அம்மா எங்களை உட்காரவைத்து, தானே படிவத்தை நிரப்பிக் கையெழுத்து வாங்கினார். துணைப் பட்டியலில் பெயர் வந்துவிட்டது.

புதன்கிழமை நாங்கள் மூவரும் சேர்ந்து போய் ஓட்டுப் போட்டோம். யாருக்குப் போட்டாய் என்று அப்பா பூமாலையைச் சும்மா சீண்டினார். "அத்த சொல்ல மாட்டேண்ணா. எவரு ஜெயிச்சாலும் நம்ம தெரு தண்ணிக்கு மொத ஆளா போய் நிப்பேன்" என்றாள். எண்ணுவதற்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, அவளோ இப்போதே மனு எழுதித் தரச் சொல்லி என்னை நச்சரிக்கிறாள்.

இரவு வேலை முடிந்து வெறும் வயிற்றோடு தூங்காதே, மாப்பிள்ளையையும் நேரத்துக்குச் சாப்பிடச் சொல். மே மாதம் மாதா வணக்கத்தின்போது அந்த எம்.பி.க்காக ஒரு பூசைக்குச் சொல்லப்போகிறேன். அவர் பெயரைத் தமிழில், எப்படிச் சொல்வார்களோ அப்படியே எழுதி அனுப்பு. சாமியார் பீடத்தில் தப்பாகப் படித்துவிடக் கூடாது.

உங்கள் இருவர் நெற்றியிலும் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கும்
உன் அம்மா
இருதயமேரி