காளி பூஜைக்குப் பட்டினி கிடந்த எலிகள்

டாக்குரியா,
வியாழக்கிழமை

அன்புள்ள ஜலஜா மாமிக்கு,

நாகலக்ஷ்மி நமஸ்காரத்துடன் எழுதுவது. மியூனிக் குளிர் ஒத்துக்கொள்கிறதா? முட்டிவலி எப்படி இருக்கிறது?

ஒரு வேண்டுகோள். இதற்கு மேல் நீங்கள் தனியாகப் படிக்க வேண்டாம். உங்கள் பெண் மதுவந்தியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, உரக்கப் படியுங்கள். வேண்டுமென்றேதான் தமிழில் எழுதுகிறேன். வீட்டில் வாய் ஓயாமல் தமிழ் பேசினாலும் அவளுக்கு ஓர் எழுத்தும் படிக்க வராது என்பது உங்களுக்கும் எனக்கும்தானே தெரியும்.

மது, சாப்பாடு உள்ளே போனதும் இரைப்பை தளர்ந்து இடம் கொடுக்கிறதே, அதைச் செய்வது நரம்புகள் விடும் துளி நைட்ரிக் ஆக்ஸைடு வாயு. வயதான எலிகளுக்கு அது குறைகிறதா என்று பார்க்க நான்கு வருடம் பாடுபட்டேன். இரைப்பைத் தசையைக் கீற்றுக் கீற்றாக நறுக்கி, உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, மின்சாரம் கொடுத்து, தளர்கிறதா என்று அளந்தேன். நீ பக்கத்து மேஜையில் டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாய்.

பிறகு எனக்கு டெங்கு வந்தது. மாமி, அப்போது நீங்கள் இங்கே பாலிகஞ்ச் வீட்டிலிருந்து தினமும் ரசம் கொடுத்தனுப்பினீர்கள், அதை நான் மறக்கவில்லை. அதைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு உங்கள் பெண் நேராக ஆய்வகத்துக்குப் போய், என் நோட்டை ஒரு பக்கம் விடாமல் போனில் படம் எடுத்திருக்கிறாள். எட்டு மாதத்தில் அவள் பெயரில் கட்டுரை வந்தது. கிழட்டு எலிகளுக்கு அந்த வாயு சுரப்பதே இல்லை என்று பெரிய கண்டுபிடிப்பு. என் பெயர் கடைசியில், நன்றி சொல்லும் இடத்தில் இருந்தது.

எங்கள் பேராசிரியரிடம் போய் அழுதேன். சேர்ந்து செய்த வேலைதானே என்று சமாதானம் சொன்னார். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார். நோட்டில் கிழட்டு எலிகளின் அளவுகள் உள்ள பக்கத்தின் ஓரத்தில் தமிழில் என்ன எழுதியிருக்கிறது என்று மதுவிடம் கேட்டாராம். லேக் மார்க்கெட்டில் வாங்க வேண்டிய மளிகைச் சாமான் என்றாளாம். தமிழ்ப் பெண் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார். எனக்கு அழுகை நின்றுவிட்டது. வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

மது, நான் எழுதியிருந்தது இதுதான். "காளி பூஜை வெடிச்சத்தம். எலிகள் இரண்டு நாளாகத் தின்னவில்லை, நடுங்குகின்றன. இந்தப் பத்து எலிகளின் அளவும் செல்லாது, திரும்பச் செய்ய வேண்டும்." பயந்த எலியின் இரைப்பை இறுகிக் கிடக்கும். நீ வயோதிகம் என்று உலகத்துக்குச் சொன்னது வெறும் பயம். படிக்கத் தெரியாது என்று ஒரு வார்த்தை ஒப்புக்கொண்டிருந்தால் தப்பித்திருப்பாய். அதற்கு உனக்கு வெட்கம், திருட வெட்கமில்லை.

அன்றைக்கே உன்னைப் பிடித்துக் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. அந்தக் கட்டுரையை வைத்து நீ வேலை வாங்கட்டும், மேடை ஏறட்டும் என்று இரண்டு வருடம் காத்திருந்தேன். அது நல்ல குணம் இல்லை என்று எனக்குத் தெரியும். அதற்குள் இருபத்துநான்கு கிழட்டு எலிகளை அமைதியான மாதங்களில் வைத்துத் திரும்பச் செய்தேன். எல்லா இரைப்பையும் இளம் எலிகளுடையதைப் போலவே நன்றாகத் தளர்ந்தது.

அடுத்த மாதம் உன் வேலையை நிரந்தரமாக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நோட்டின் படமும் என் அளவுகளும் கட்டுரையை வெளியிட்ட பத்திரிகைக்கு அனுப்பத் தயாராக இருக்கின்றன. பதினைந்து நாள் தருகிறேன். கட்டுரையை நீயே திரும்பப் பெற்றுக்கொள், காரணத்தையும் எழுது. இல்லையென்றால் நான் எழுதுவேன்.

மாமி, இந்த வரிகளை உங்கள் வாயால் படிக்கவைத்ததற்கு என்னை மன்னியுங்கள். வேறு யார் சொன்னாலும் அவள் சிரித்து மழுப்பிவிடுவாள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன், அது பொய்யில்லை.

படித்து முடித்ததும் அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். உங்கள் முகத்தைப் பற்றி எழுத வேண்டாம்.

உங்கள் கையால் சாப்பிட்ட,
நாகலக்ஷ்மி