ஹெல்காவுக்கு மட்டும் தெரிந்தது

செப்டம்பர் 4, 2025 – வியாழன்

கழுகுமலை பஸ்ஸில் ஏறக் கம்பியைப் பிடித்தேன். இடதுகை விரல்கள் தானாக வெட்டி இழுத்தன. கொஞ்ச நேரம்தான். இறங்கி பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். "ஏம்மா, வரலையா?" என்றார் கண்டக்டர். தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்தால் நாக்கு குழறுமோ என்று பயம்.

அன்றைக்கும் இப்படித்தானே ஆரம்பித்தது?

செப்டம்பர் 5

எழுதினால் பயம் குறையுமா, பார்ப்போம்.

போன வருஷம் ஜூன், ஜூலையில் கல்லூரி மூலமாக ஜெர்மனியில் படிக்கப் போனேன். தங்கியது ஹெல்கா வீட்டில். அம்மா வயது இருக்கும் அவளுக்கு. ஒரு காலையில் ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்தேன். இடதுகை விரல்கள் வெட்டி இழுத்தன. அடுத்து நினைவிருப்பது சமையலறைத் தரை. நாக்கில் ரத்தம். ஹெல்காவும் எனக்கு எதிரே தரையிலேயே படுத்து, என் முகத்தைப் பார்த்தபடி பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஐஸ்வர்யா என்று அவளுக்கு வராது. "அய்ஷ்வாயா, அய்ஷ்வாயா" –

ஆஸ்பத்திரியில் வலிப்பு என்றார்கள். "உன் அம்மாவிடம் பேசட்டுமா?" என்று ஹெல்கா கேட்டாள். வேண்டாம் என்றேன்.

ஊருக்கு வந்தபிறகு திருநெல்வேலி டாக்டரிடம் தனியாகப் போய் மாத்திரை எழுதி வாங்கி, ஒளித்துத்தான் போடுகிறேன். போன வாரம் செல்வகணேஷ் வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். வீடு நிறையச் சொந்தக்காரர்கள். நாலு நாள் மாத்திரை போட முடியவில்லை. அதனால்தான் கை இழுத்தது. அதனால்தானா?

செப்டம்பர் 6

குளிக்கப் பயம். தூங்கப் பயம்.

செப்டம்பர் 8

அம்மா போனில் சித்தியிடம் யாரையோ பற்றிச் சொன்னது காதில் விழுந்தது. "அந்தப் பிள்ளைக்கு வலிப்பாம்ல. தெரிஞ்சதும் கல்யாணம் நின்னுபோச்சு. மறைச்சுக் கட்டிவைக்கப் பாத்திருக்காவ."

மாடிக்குப் போய் ஹெல்காவைப் போனில் கூப்பிட்டேன். "நான் தூரத்தில் இருக்கிறேன். நீ விழும்போது பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்" என்றாள்.

சரிதான். ஆனா எப்படிச் சொல்ல? வாயே வரமாட்டேங்கு.

செப்டம்பர் 9

சொல்லிவிட்டேன்.

அம்மா உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகு அப்படியே நின்றது. அழுவாள் என்று நினைத்தேன். "அந்த வெள்ளைக்காரிக்கு ஒரு வருசமாத் தெரியும். பெத்தவளுக்குத் தெரியாது. அப்படித்தானட்டி?" என்றாள்.

அப்புறம் பேசவே இல்லை. கல்யாணம் போனால் போகட்டும். அம்மா இப்படியே பேசாமல் இருந்துவிட்டால்?

செப்டம்பர் 12

அப்பா மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம்.

சாயங்காலம் அம்மாவே வந்தாள். "அந்தம்மாவுக்கு வீடியோவுல போன் போடு."

நான் நடுவில் மொழிபெயர்த்தேன்.

"கையில இரும்பு குடுக்கணுமான்னு கேளு."

வேண்டாம், வாயிலும் எதையும் வைக்கக் கூடாது, ஒரு பக்கமாகத் திருப்பிவிட வேண்டும் என்றாள் ஹெல்கா. தன் வீட்டுத் தரையிலேயே படுத்துக் காட்டினாள்.

அம்மா என்னையும் படுக்கச் சொன்னாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தோளையும் இடுப்பையும் பிடித்துப் பக்கவாட்டில் புரட்டினாள்.

"சரியாச் செய்யுதேனான்னு அவியகிட்ட கேளு."