உங்கள் ஸ்பீக்கர்களுக்கு ஆம்ப்ளிஃபையர் கிடைத்துவிட்டது

அன்புள்ள உங்களுக்கு,

தெருவில் பேசிக்கொள்வதை முதலில் திருத்திவிடுகிறேன். உங்கள் ஸ்பீக்கர்களுக்கு நான் விளக்கேற்றிக் கும்பிடுகிறேனாம். கிடையாது. அடியில் எரியும் அந்தச் சிவப்புப் புள்ளி அவற்றோடு வந்தது. எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர் சும்மா நிற்பதற்கே தனியாக மின்சாரம் கேட்கும் என்பது இவர்களுக்குத் தெரியாது. நான் குனிவது தூசு தட்ட. ஒரகடம் சாலையில் கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதியெல்லாம் ஆளுயரமான இந்த இரண்டு தட்டிகளைத் தேடித்தான் வருகிறது.

அவை பாடத்தான் வழியில்லாமல் இருந்தது. நீங்கள் போனபின் வந்த மழைக்காலத்தில், ஓர் இடியோடு உங்கள் ஆம்ப்ளிஃபையரும் போயிற்று. புதிது வாங்கப் பென்ஷன் இடம் தராது. நம் மாலதி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"பொங்கலுக்குள்ள பழசு ஏதாவது கிடைச்சு, இது பாடிச்சுன்னா வச்சுக்கோம்மா. இல்லேன்னா எடைக்குப் போட்டுடலாம். ரூம்ல நடக்க இடமில்ல."

சரி என்றேன். ‘எடைக்கு’ என்ற சொல்லை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

குன்றத்தூரில் பழைய ஆடியோ சாமான் விற்பவர் ஒன்றைக் காட்டினார். "ஆயிரம் வாட்ஸ்னு எழுதிக்கீது பாரும்மா. கல்யாண மண்டபமே அதிரும். இதுக்கு மேல இன்னா ஓணும்?"

"எழுதியிருப்பது பாடுமா?" என்றேன். வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்டச் சொல்லி, உங்கள் இசைத்தட்டு ஒன்றைப் போட்டேன். பாடகியின் குரல் மேல் ஸ்தாயிக்குப் போனதுதான் தாமதம், டக்கென்று அணைந்துவிட்டது. கருகல் வாசனை வேறு.

"உன் ஸ்பீக்கர்தாம்மா ஷார்ட்டு."

ஷார்ட் இல்லை, சுருதி ஏற ஏற இந்தத் தட்டிகளின் மின்தடை குறைந்துகொண்டே போகும், அந்த நேரத்தில் கரண்டை வாரி ஊற்ற வேண்டும், அதற்குப் பெரிய டிரான்ஸ்பார்மர் வேண்டும், வாட்ஸ் கணக்கு மட்டும் போதாது என்று சொன்னேன்.

"நீ இன்னாம்மா, எஞ்சினியரா?"

"எஞ்சினியரின் மனைவி. சாப்பிடும்போதெல்லாம் இதைத்தான் கேட்டேன்."

அதன்பிறகு யார் எதைக் காட்டினாலும் முதலில் தூக்கிப் பார்த்தேன். ஒரு கையில் வந்தால் உள்ளே டிரான்ஸ்பார்மர் சின்னது, வேண்டாம். கடைசியில் மணிமங்கலத்தில் வீட்டைக் காலிசெய்து மகனோடு போகும் ஒருவரிடம் கிடைத்தது. பழசுதான், முகப்பில் கீறல், ஆனால் என்னால் அசைக்கக்கூட முடியவில்லை. விலை கேட்குமுன்பே முடிவு செய்துவிட்டேன். ஆட்டோக்காரர் மூச்சு வாங்கினார். "உள்ள இன்னாம்மா, அம்மிக்கல்லு வெச்சினுகீறியா?" எனக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

நேற்று மாலை அதே இசைத்தட்டைப் போட்டேன். மேல் ஸ்தாயியில் அது அணையவில்லை, திணறக்கூட இல்லை. சந்தோஷத்தில், எங்கே உட்காருகிறேன் என்று பாராமல், நடுவில் இருந்த உங்கள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

பாடுகிற அந்த அம்மாள் எதிரில் வந்து நின்றார். இரண்டு தட்டிகளுக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்தில். பாடுவதற்கு முன் அவர் மூச்சை இழுப்பது கேட்டது. எழுந்து சாப்பாட்டு மேசைக்குப் போனேன், மறைந்துவிட்டார். திரும்பி வந்து உட்கார்ந்தேன்; நின்றார்.

இத்தனை வருஷமும் நீங்கள் கேட்டது இதையா? மேசையிலிருந்து நான் கேட்டது, அடுத்த வீட்டில் யாரோ பாடுகிற மாதிரி மெலிந்த ஒன்று. "இதற்கா இவ்வளவு செலவு?" என்று நான் கேட்கும்போதெல்லாம் கண்ணை மூடிச் சிரிப்பீர்கள். இது ஒருவருக்கு மட்டும் முழுதாகக் கேட்கும் ஸ்பீக்கர் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு நாள், ஒரே ஒரு பாட்டுக்கு, "இங்க வந்து உட்காரு" என்று எழுந்திருக்கலாமே. தோன்றவில்லையா? நானே கேட்பேன் என்று இருந்துவிட்டீர்களா? கேட்டு வாங்கும் பழக்கம் எனக்கில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும்.

பொங்கலுக்கு மாலதி வருவாள். அவளை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நான் மேசைக்குப் போய்விடுவேன். இனி இந்த வீட்டுக்கு யார் வந்தாலும் அப்படித்தான். இது வாக்கு.

என் கேள்விக்குப் பதில் வேண்டும். கனவில் வந்து சிரித்து மழுப்ப வேண்டாம். எழுதி அனுப்புங்கள்.

உங்கள் மனைவி,
சுலோசனா