கொசுவலை தைக்க எவ்வளவு இடம் வேண்டும்

அக்கா,

இன்று காலை ஒரத்தநாட்டுக் கடையிலிருந்து வலைத்துணிக் கட்டு வந்தது. பிரித்ததும் அந்தப் புதுத்துணி வாசனை முகத்தில் அடித்தது. "மூக்கப் பொத்திக்க, இல்லன்னா ஊருக்கே கேக்கத் தும்முவ" என்று சொல்வீர்களே, அந்தக் குரலும் கூடவே வந்துவிட்டது. உங்களுக்கு ஓர்ப்படியாக இந்த வீட்டுக்கு வந்தவள் நான். நம்மைக் கட்டிய அண்ணனும் தம்பியும் வயலுக்குப் போனபிறகு மிஷினும் வலையுமாக நாம் இருவரும் உட்கார்ந்திருந்த வருஷங்களில்தான் நான் அதிகம் சிரித்திருக்கிறேன்.

பக்கத்து மனையில் மகன் வீடு கட்டுகிறான். மேஸ்திரி நேற்று சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார். எனக்கென்று ஒரு தையல் அறையும் உண்டு. "எட்டுக்கு எட்டு போதும்மா. ஒரு மிஷின், ஒரு ஆளு. முன்ன ரெண்டு பேரு இருந்தப்பவே பழைய வீட்டு ரூம் பத்துச்சே" என்றான் மகன். அவன் கணக்கு நியாயம்தான். ஆனால் நாளை அஸ்திவாரம் தோண்டிவிட்டால் பிறகு ஒரு சாண்கூடத் தள்ள முடியாது. இந்த வேலையை விட்டால் எனக்குப் பொழுது எப்படிப் போகும்?

அந்த ரூம் போதுமாக இருந்த லட்சணம் நம் இருவருக்குத்தானே தெரியும். நாம் அதை அளந்தது சித்திரையில். வீடே காலியாகக் கிடந்தது. "இதுல தேரே ஓட்டலாம்" என்றார் உங்கள் வீட்டுக்காரர். நாமும் நம்பினோம். தை பிறந்து அறுப்பு முடிந்ததும் நெல் வீட்டுக்குள் வந்தது. நம் ஊரில் எந்தக் காலி இடத்தை மூட்டை விட்டுவைத்திருக்கிறது? இரண்டு சுவரோரமும் அடுக்கியதுபோக நமக்கு ஒரு சந்துதான் மிஞ்சியது. வலையை மூட்டைமேல் போட்டுத்தான் தைத்தோம்.

நன்னிலத்துப் பெரியவர் ஒருவர் வாங்கிப்போன வலையோடு திரும்பி வந்தாரே, நினைவிருக்கிறதா? முதுகைச் சொறிந்தபடியே, "கொசு கடிக்கலம்மா, வலைதான் கடிக்குது" என்றார். எல்லாம் நெல் சுணை. நீங்கள் முகம் மாறாமல், "ஒருதடவை அலசிக் கட்டுங்க ஐயா, ரெண்டும் கடிக்காது" என்று அனுப்பிவிட்டு, உள்ளே வந்து மூட்டைமேல் சாய்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தீர்கள். அன்று சாயங்காலமே உங்கள் வீட்டுக்காரரிடம், "நெல்லு இருக்கட்டும், நாங்க ரெண்டு பேரும் வெளிய போயிடவா?" என்று கேட்டீர்கள். அவர் சிரித்தார். மூட்டை மட்டும் நகரவில்லை.

அப்படியும் அந்தச் சந்தில் இரட்டைக் கட்டில் வலைகூடத் தைத்திருக்கிறோம். நான் மிஷினை மிதிப்பேன். நீங்கள் எதிரில் உட்கார்ந்து, தைத்தது தரையில் விழாமல் மடியில் வாங்கி, மடித்து, திருப்பி, அடுத்த ஓரத்தை என் பக்கம் நீட்டுவீர்கள். நான் நிமிர்ந்து பார்த்ததே இல்லை. கை நீட்டினால் துணி வந்துவிடும்.

நீங்கள் போனபிறகு அதே ரூமில், மூட்டை ஒன்றுகூட இல்லாத நாளில், தனியாகத் தைத்துப் பார்த்தேன். வலை சுருண்டு மிஷின் காலில் மாட்டிக்கொண்டது. எழுந்து பிரித்துவிட்டு உட்கார்ந்தால் இன்னொரு பக்கம் சிக்கியது. அழுகை வந்துவிட்டது அக்கா. வலைமேல் கோபம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இன்று மேஸ்திரி வந்ததும் பழைய இரட்டைக் கட்டில் வலை ஒன்றை எடுத்துப்போய் அவர் போட்ட கோட்டுக்குள் விரித்தேன். நாலு பக்கமும் கோட்டைத் தாண்டிக் கிடந்தது. சுற்றிவர நடக்கவும் இடம் வேண்டும் என்றேன். மகனுக்கு எரிச்சல்.

"ஒரு ஆளுக்கு எதுக்கும்மா இவ்வளவு?"

"ஒரு ஆளா இருக்கறதாலதாண்டா கேக்குறேன். உன் பெரியம்மா இருந்தா இதுல பாதி போதும்."

அவன் குனிந்து வலையின் ஓர் ஓரத்தை இழுத்துச் சரியாக விரித்தான். பிறகு மேஸ்திரியிடம், "அம்மா சொல்ற மாதிரியே போடுங்க" என்றான். அவர் பழைய கோட்டைக் காலால் அழித்துவிட்டுத் தள்ளிப் போட்டார்.

கூடத்தைவிட என் அறை பெரிதாகிவிட்டது என்று மருமகள் கேலி செய்கிறாள். செய்யட்டும். நீங்கள் ஒரு மடியில் வாங்கிக்கொண்டதை நான் இறக்கிவைக்க அவ்வளவு இடம் வேண்டியிருக்கிறது, அக்கா.