எண்பத்தாறு சதவீதம்

மார்ச் 4, செவ்வாய்

எண்பத்தாறு! மூன்று முறை பார்த்துவிட்டேன். படர்தாமரைக்குக் கொடுக்கும் இந்த மருந்து தண்ணீரைக் கண்டால் முறைத்துக்கொண்டு நிற்கும். வெறும் தூளாகப் போட்டால் ஒரு மணி நேரத்தில் இருபத்தேழு சதவீதம்தான் கரையும். நுண்ணிய உறைக்குள் அடைத்துப் போட்டதும் எண்பத்தாறு. ஐந்து வருடம் என் உயிரை வாங்கிய சனியன். என் கைடு ராமலிங்கம் சார் உடனே பேப்பர் எழுதச் சொல்லிவிட்டார். அது வெளிவந்தால்தான் நான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். காலாப்பட்டு பல்கலைக்கழகத்திலிருந்து பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

மார்ச் 10, திங்கள்

போன வாரத்துச் சோதனைக் குழாய்களைக் கழுவ எடுத்தேன். அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது. கரைந்தது என்றால் ஏன் படிய வேண்டும்?

மார்ச் 11

புரிந்துவிட்டது. நுண்துகளையும் தடுக்கும் சிரிஞ்ச் ஃபில்டர் தீர்ந்துபோய், உறையிட்ட மருந்தை மட்டும் சாதா வடிதாளில் வடித்தேன். கரையாத துகள்கள் அதில் நுழைந்து போயிருக்கின்றன. ஒளியைச் செலுத்தி அளக்கும் கருவிக்கு என்ன தெரியும் — ஒளியை மறைப்பதெல்லாம் அதற்குக் கரைந்த மருந்துதான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? சே.

மார்ச் 19

ஃபில்டர் வந்தது. மறுபடி அளந்தேன். முப்பத்தொன்று.

மார்ச் 20

சாரிடம் சொன்னேன். பேப்பர் போன வாரமே ஆய்விதழுக்குப் போய்விட்டது. கரைந்த மருந்துதான் மறுபடி படிந்திருக்கும் என்றார். முப்பத்தொன்றைக் காட்டினேன். "வந்த ரிசல்ட்ட ஏம்மா கிண்டிக்கினு இருக்க?"

அப்படியென்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்றே உறைத்தது. அவர் என்னைப் பார்க்காமல் சரி என்றார்.

அஞ்சு வருஷம் போச்சு. அம்மாகிட்ட என்னன்னு சொல்றது? கழிவறையில் போய் அழுதேன்.

ஏப்ரல் 2

பேப்பரில் என் பெயர் இருந்த இடத்தில் கொளஞ்சியின் பெயர். பக்கத்து மேசைக்காரன், எனக்குப் பிறகு சேர்ந்தவன். ஏதோ கல்லூரியில் நேர்காணலாம். அதற்கு அவனுக்கு ஒரு பேப்பராவது வேண்டும். என்னைக் கண்டால் ஃப்ரிட்ஜைத் திறந்து எதையோ தேடுகிறான். கோபம் வருகிறது. பாவமாகவும் இருக்கிறது.

ஏப்ரல் 21

ஒன்றும் செய்யவில்லை.

மே 27, செவ்வாய்

கொளஞ்சி போன் செய்தான். பேப்பரைப் பரிசீலிப்பவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாராம்.

"எதுலக்கா வடிச்சீங்க?"

வடிதாளையும் சொன்னேன், முப்பத்தொன்றையும் சொன்னேன். அவனுக்கு எதுவும் தெரியாது. நான் கோபித்துக்கொண்டு விலகியதாகத்தான் சார் சொல்லியிருக்கிறார். பிறகு, என்ன எழுதட்டும் என்று கேட்டான். நீ அளந்ததை எழுது என்றேன்.

"நான் எதையுமே அளக்கலியேக்கா."

காலையில் லேபுக்கு வா, இரண்டு பேருமாக அளக்கலாம் என்றேன். வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை.