பழைய மெசேஜ்

செவ்வாய் இரவு, மின்னி பே.

கடை கம்ப்யூட்டரில் பேக்கப் ஓடும்போது கரண்ட் போய்விட்டது. அரைகுறை ஃபைல் நேற்றைய நல்ல பேக்கப்பை அழித்து அதன் இடத்தில் உட்கார்ந்துவிட்டது. நல்லவேளை, கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் கடைக் கணக்கே போயிருக்கும். இனி புதியதை வேறு பெயரில் எடுத்து, திறந்து பார்த்த பிறகே பழையதை அழிப்பது என்று மாற்றிவிட்டேன்.

வீட்டில் மனைவி செல்வியிடம் சொன்னேன்.

"அச்சா, இதுக்கா இவ்வளவு நேரம்? நான் எப்பவும் அப்படித்தான்."

அவள் போனில் இடம் குறைவு. என் அடுத்த மெசேஜைப் படித்த பிறகுதான் முந்தையதை அழிப்பாளாம். தெற்குத் தீவில் கேம்பல் பேயில் வேலையை முடித்துத் திரும்பும்போது நான் கடைசியாக அனுப்பியது அப்படியே இருந்தது: 'கப்பல் ஏறிட்டேன்.'

"ஆளே வந்துட்டேனே, இன்னும் எதுக்கு?"

"வந்த ஆளு சரியா இருக்காரான்னு பாக்க வேணாமா?"

நான் வந்து ஒரு வருஷமாகிறது.